வரப்பு மரமும் வாய்க்கால் வழக்கும்: கோர்ட்டுக்குப் போகும் முன் ஒரு நிமிடம்

சென்ற கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலை நேரத்தில், எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் பயிர்க் காப்பீட்டு ரசீது இருக்கும் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் எல்லாம் கோர்ட்டுக் காகிதம்.

"ஐயா, நீங்க ஒரு தடவ வந்து அந்தத் தேக்கப் பாருங்க. நெழல்ல எம் பயிரு எவ்வளவு போவுதுன்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுத்தாப் போதும். மிச்சத்த வக்கீல் பாத்துக்குவாரு" என்றார்.

எந்த ஊர், எந்த வயல் என்று கேட்டேன். சொன்னார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அந்த வரப்பு எனக்குத் தெரியும். 2003-ல் இதே வட்டாரத்தில் நான் இளம் அலுவலராக இருந்தபோது, அவருடைய தம்பியிடம் அந்தத் தேக்கங்கன்றுகளை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். "வரப்பு ஓரமா வச்சுடுங்க, இடமும் வீணாவாது, இருபது வருஷத்துல பொண்ணு கல்யாணத்துக்கு ஆவும்" என்று சொன்னவனும் நான்தான். தம்பி இப்போது உயிரோடு இல்லை. தம்பி மகனுக்கும் இந்தப் பெரியவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. இந்த வீட்டுத் துக்கத்துக்கு அவர்கள் வரவில்லை.

மரத்தை எங்கே நடக்கூடாது என்று சொல்லத் தவறியதும் எங்களைப் போன்றவர்களின் பிழைதான். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை. நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் முப்பது ஆண்டுப் பணியில், மரத் தகராறுகளுக்காக வழக்கறிஞர் ஆணையரோடு பல வயல்களுக்குப் போயிருக்கிறேன். அங்கே கற்றதையும், உங்கள் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான விடைகளையும் இங்கே தருகிறேன்.

முதலில் மரம் யாருடையது?

தகராறு தொடங்கியதும் எல்லோரும் கிளையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடிமரத்தை. அடிமரம் யாருடைய பட்டா நிலத்தில் நிற்கிறதோ, மரம் அவருடையது. கிளை எவ்வளவு தூரம் நீண்டாலும், வேர் எங்கே போனாலும் அது மாறாது. அடிமரம் சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே நின்றால் அது இருவருக்கும் பொது. ஒருவர் மட்டும் முடிவு செய்து வெட்டக்கூடாது.

ஆகவே எல்லை எது என்பதுதான் முதல் கேள்வி. வரப்பு எல்லை ஆகாது. ஆண்டுதோறும் மண்வெட்டி ஓரம் வெட்ட வெட்ட, வரப்பு நகர்ந்துகொண்டே இருக்கும். புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கட்டணம் செலுத்தி நில அளவைக்கு மனுக் கொடுங்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கும் அறிவிப்பு அனுப்பி, அவர் முன்னிலையில் நில அளவர் அளந்து கல் காட்டுவார். நான் போன வழக்குகளில், அளந்து பார்த்த பிறகு "மரம் என்னுடையதுதான்" என்று வழக்குப் போட்டவரே வாயடைத்து நின்ற கதையும் உண்டு.

நீட்டிய கிளையையும் நுழைந்த வேரையும் நாமே வெட்டலாமா?

வெட்டலாம், ஆனால் எல்லைக் கோடு வரை மட்டும். பக்கத்து நிலத்தில் கால் வைக்காமல், உங்கள் இடத்தில் நின்றபடி, உங்கள் பக்கம் வந்திருக்கும் கிளையையும் வேரையும் மட்டுமே வெட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1894-ல் லெம்மன் எதிர் வெப் என்ற வழக்கில் இந்தக் கொள்கை உறுதியானது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இதே வழியில் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கின்றன. இருபது வருடமாக என் கிளை அங்கேதான் இருக்கிறது, அதனால் எனக்கு உரிமை வந்துவிட்டது என்று மரக்காரர் வாதாடினாலும் எடுபடாது. கிளை ஒரே அளவில் நிற்பதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கிறது அல்லவா?

இதில் மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, வெட்டும் முன் மரக்காரரிடம் சொல்லிவிடுங்கள். வாய்ச்சொல் கேட்காவிட்டால் விரைவுத் தபாலில் எழுதுங்கள். இரண்டு, வெட்டிய விறகும் காயும் உங்களுக்குச் சொந்தமல்ல. மூன்று, மரம் பட்டுப்போகும்படி எதையும் செய்யாதீர்கள். பட்டையை வளையமாக உரிப்பது, துளை போட்டு மருந்து ஊற்றுவது, அடியில் தீ மூட்டுவது எல்லாம் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில் வழக்கு வரும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், ஒரு நாள் ஆத்திரத்தால் நீங்களே குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

வேரை வெட்டும்போது இன்னொரு விஷயம். ஐப்பசி, கார்த்திகையில், அடைமழைக்கு முன்பு ஒரு பக்க வேரை அடிமரத்துக்கு அருகில் வெட்டினால், அடுத்த காற்றுக்கு மரம் சாயும். அது உங்கள் பக்கமே சாயவும் வாய்ப்புண்டு. வேர் வெட்டும் வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிழலுக்கு வழக்கு நிற்குமா?

பெரியவர் கொண்டுவந்த வழக்கின் மையமே இதுதான். பலருக்கும் கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: மரம் அவருடைய நிலத்தில் நின்று, கிளை உங்கள் பக்கம் வராமல், நிழல் மட்டும் விழுந்தால், வழக்கில் வெல்வது மிகக் கடினம்.

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில், 15-ஆம் பிரிவின்படி இருபது ஆண்டு இடையூறின்றி அனுபவித்தால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை பிறக்கும். ஆனால் அது கட்டடத்துக்குத்தான். திறந்த வெளி நிலத்துக்கு அப்படி உரிமை பிறக்காது என்று 17-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. உங்கள் வீட்டு ஜன்னலுக்கு இருக்கும் பாதுகாப்பு, உங்கள் நெல் வயலுக்கு இல்லை.

இதைச் சொன்னதும் பெரியவர், "அப்ப ஆறு வருஷம் வக்கீல் பீஸ் குடுத்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

சட்டத்தில் வழி இல்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று ஆகாது. நிழலின் கணக்கை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பகுதியில் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். உச்சிவேளையில்கூட, மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு நிழல் வடக்கே விழும். நாற்பது அடித் தேக்கு என்றால் நண்பகலிலேயே இருபத்தேழு அடி நிழல். சம்பா நெல் பூத்துப் பால் பிடிக்கும் பருவமும் அதுதான். அந்த ஓரத்தில் கதிர் சிறுத்து, பதர் கூடுவதில் வியப்பில்லை. சித்திரையில் உச்சி நிழல் காலடியில் சுருண்டுவிடும். அப்போது பார்வையிட வந்த ஆணையருக்கு நிழலே தெரிந்திருக்காது.

எனவே நினைவில் வையுங்கள்: உங்கள் நிலத்தின் வடக்கு எல்லையில் உயரமான மரம் வைத்தால், நிழல் பக்கத்து வயலில் விழும். தெற்கு எல்லையில் வைத்தால் உங்கள் வயலிலேயே விழும். கிழக்கு, மேற்கு எல்லை என்றால் அரை நாள் நிழல் அவருக்கு, அரை நாள் உங்களுக்கு.

சுவர், கிணறு, கூரை சேதம்

கட்டடச் சேதத்துக்கு நிவாரணம் உண்டு. ஆனால் அந்தச் சேதம் அந்த மரத்தால்தான் வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். இங்கேதான் பல வழக்குகள் தோற்கின்றன.

ஆல், அரசு, அத்தி வகை மரங்களின் வேர் வருடா வருடம் பருத்துக்கொண்டே போகும். விரிசலுக்குள் நுழைந்தால் சுவரைப் பிளந்துவிடும். தூங்குமூஞ்சி வாகை போன்றவை மேலாக வேர் ஓட்டித் தளத்தைத் தூக்கும். தென்னையும் பனையும் அப்படியல்ல. அவற்றுக்கு ஆணிவேர் கிடையாது. கயிறு போன்ற வேர்கள், பருப்பதும் இல்லை. "தென்னை வேர் அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிட்டது" என்று எழுதிய புகார்களில் உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். தென்னையால் வரும் சேதம் மேலிருந்து வருவது: காய், மட்டை, சாயும் மரம்.

சேதம் தெரிந்த நாளிலேயே தேதியோடு புகைப்படம் எடுங்கள். விரிசலை ஒட்டிக் குழி தோண்டி, வேர் சுவரைத் தொடும் இடத்தைக் காட்டுங்கள். பொறியாளர் ஒருவரிடம் மதிப்பீடு வாங்குங்கள். மரக்காரருக்கு விரைவுத் தபாலில் எழுதி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கேட்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். இழப்பீட்டோடு, மேலும் சேதம் வராமல் தடுக்கும் உறுத்துக் கட்டளையையும் உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

விழப் போகும் மரம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, டெல்டாவில் தென்னை விழாத தோப்பே இல்லை. எத்தனையோ மரங்கள் பக்கத்து வீட்டுக் கூரை மேல் விழுந்தன. யாரிடம் போய் இழப்பீடு கேட்பது? நல்ல நிலையில் இருந்த மரம் புயலில் விழுந்தால் அது இயற்கைச் சீற்றம். மரக்காரர் மேல் குற்றம் சொல்வது கடினம். ஆனால் பட்டுப்போன மரம், அடி உளுத்த மரம், "விழப் போகிறது, அகற்றுங்கள்" என்று நீங்கள் எழுத்தில் எச்சரித்த மரம் விழுந்தால் நிலைமை வேறு. தெரிந்தும் கவனிக்காமல் விட்டதற்கு அவர் பொறுப்பாவார். அந்த ஒரு கடிதம்தான் வித்தியாசம்.

மரம் விழுந்து அங்கே வசிப்பவருக்கோ, வழியில் போவோருக்கோ ஆபத்து வரும் என்ற நிலை இருந்தால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. நிர்வாக நடுவர் என்ற முறையில் அவர் மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடலாம். மரக்காரர் தன் தரப்பைச் சொல்லவும் வாய்ப்புத் தருவார். சருகு விழுகிறது, நிழல் அடிக்கிறது என்பதற்கெல்லாம் இந்தப் பிரிவு இல்லை.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பக்கத்துத் தோப்புத் தென்னை ஒன்று என் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. காய் விழுந்து ஓடு உடைகிறது. மரத்தின் கொண்டையை வெட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள். தென்னைக்கு ஒரே குருத்து. கொண்டையை வெட்டினால் மரமே போய்விடும். பிறகு இழப்பீடு கேட்பவர் அவராக இருப்பார். தோப்புக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அந்த மரத்தில் காய் முற்றி உதிரும்வரை விடாமல் முறையாகப் பறிக்க வேண்டும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் வேறொரு உறுதியான மரத்தோடு இரும்புக் கம்பி வடம் கட்ட வேண்டும். கம்பி தண்டை அறுக்காமல் இருக்கச் சாக்கோ, பழைய டயர்த் துண்டோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விரைவுத் தபால், அதன் பிறகு கோட்டாட்சியர் மனு.

கேள்வி: கரிசல் நிலத்தில் வீடு. பக்கத்து வீட்டு வேம்பினால் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் விரிசலின் நடத்தையைக் கவனியுங்கள். கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் உப்பும். மரமே இல்லாத இடத்திலும் ஆழமில்லாத அஸ்திவாரத்தில் விரிசல் வரும். மரத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரிலும் அதே விரிசல் இருந்தால் காரணம் பெரும்பாலும் மண்தான். மரத்தை ஒட்டிய பக்கம் மட்டும் விரிந்து, குழி தோண்டினால் வேரும் தெரிந்தால் உங்கள் பேச்சில் வலு உண்டு. மரம் ஈரத்தை உறிஞ்சுவதால் அந்தப் பக்க மண் கூடுதலாகச் சுருங்கவும் செய்யும். அப்போதும் முதல் வழி, உங்கள் எல்லைக்குள் பள்ளம் எடுத்து வேரை நிறுத்துவது.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்து மாங்கிளை எங்கள் பக்கம் தொங்குகிறது. காயைப் பறித்தால் திருட்டா?

பதில்: கிளையை வெட்டும் உரிமை உண்டு, காயை எடுத்துக்கொள்ளும் உரிமை இல்லை. 1919-ல் மில்ஸ் எதிர் புரூக்கர் என்ற இங்கிலாந்து வழக்கில் இதே கேள்வி ஆப்பிளுக்கு வந்தது. பறித்து விற்றவர்தான் பணம் கட்டினார். நம் ஊர் வழக்கம் இதைவிட எளிது: காயைப் பறித்துக் கூடையில் வைத்து அனுப்புங்கள், பாதி உங்களுக்குத் திரும்பி வரும்.

கேள்வி: எல்லையில் நிற்கும் பனையை வெட்டும்படி பக்கத்து நிலத்துக்காரர் வற்புறுத்துகிறார்.

பதில்: உங்கள் விருப்பத்துக்கும் அவர் விருப்பத்துக்கும் வெட்ட முடியாது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. காய்ந்த ஓலையைக் கழித்துவிடுங்கள். பாதித் தகராறு தீரும். சந்தனம், ஈட்டி, தேக்கு போன்ற மரங்களை வெட்டவும் எடுத்துச் செல்லவும் வனத்துறை விதிகள் உண்டு. சமரசம் பேசினாலும், வனச்சரக அலுவலகத்தில் கேட்ட பிறகே கோடரியை எடுங்கள்.

கேள்வி: என் வயலை ஒட்டிய புறம்போக்கில் பெரிய புளியமரம். கிளை முறிந்து விழுகிறது. யாரிடம் கேட்பது?

பதில்: புறம்போக்கு மரம் அரசுடையது. கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். அந்த மரத்துக்கு யாருக்காவது 2சி பட்டா இருந்தால், பலனை அனுபவிக்கும் உரிமை அவருக்கு இருக்கும். சாலை ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. மின்கம்பியில் கிளை உரசினால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், நீங்களாக ஏறாதீர்கள்.

வழக்கைவிடக் குறைந்த செலவில்

வட்ட நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே வெள்ளைத் தாளில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பை அழைத்துப் பேசி, உடன்பாடு வந்தால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாக எழுதுவார்கள். அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. நிலுவையில் உள்ள வழக்கை அங்கே முடித்துக்கொண்டால், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

உடன்பாட்டில் இவை இருக்கட்டும்: சர்வே எண், எந்தப் பக்க எல்லை, எந்த மரம் எத்தனை, எந்த மாதம் கிளை கழிப்பது, கூலி யார், விறகு யாருக்கு, மரத்தை எப்போது வெட்டுவது, வெட்டிய இடத்தில் மறுபடி என்ன நடுவது. கடைசி வரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் காலத்தில் அதே சண்டை முளைத்து வருகிறது.

புதிதாக நடுபவர்களுக்கு ஒரு எளிய கணக்கு: இரண்டு மரத்துக்கு இடையில் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்களோ, அதில் பாதியையாவது எல்லையிலிருந்து தள்ளி நடுங்கள். தென்னைக்கு 25 அடி இடைவெளி என்றால் எல்லையிலிருந்து பன்னிரண்டரை அடி. மா, புளிக்குப் பதினாறு அடி. நெல்லிக்குப் பத்து அடி. இது சட்டம் சொல்லும் அளவு அல்ல. மரம் சொல்லும் அளவு. கிணற்றுச் சுவரில் பறவை எச்சத்தால் அரசங்கன்று முளைத்தால், விரல் அளவில் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். அது உங்கள் வேலை.

பெரியவரின் வயலுக்கு நான் சர்டிபிகேட் எழுதவில்லை. ஒருவர் கேட்டார் என்று அப்படி எழுதித் தர எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மகனையும் வரச் சொல்லி, வரப்புக்குப் போனேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்கள். "அந்தக் கன்ன குடுத்தது நான். வரப்பு ஓரமா வைக்கச் சொன்னதும் நான். உங்க அப்பா பேரில தப்பு இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர் சொன்னார்: "அப்ப கேஸ உங்க மேலல்ல போட்டிருக்கணும்?"

தம்பி மகன் சிரித்துவிட்டார். "பெரியப்பா, நான் அப்பவே சொன்னேன்ல, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு" என்றார். ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் "பெரியப்பா" அது.

வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, ஒரு மரம் விட்டு ஒரு மரமாகத் தையில் வெட்டுவது. மீதி மரங்களில் பக்கக் கிளையைக் கழிப்பது. தம்பி மகன் பக்கத்தில் அடிமரத்திலிருந்து தள்ளி மூன்றடி ஆழப் பள்ளம் எடுப்பது. பெரியவர் தன் ஓரத்தைக் கொஞ்சம் மேடாக்கி, நிழல் தாங்கும் கினியாப் புல் போட்டுக்கொள்வது. இவ்வளவுதான் உடன்பாடு. மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்தாகிவிட்டது. பெரியவருக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். மாடுகளுக்குப் புல் ஆகிறது என்கிறார்.

இந்த ஆண்டு கன்று வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லையிலேருந்து எத்தனை அடி தள்ளி வைக்கப் போறீங்க?" அந்தக் கேள்வியை 2003-லேயே கேட்டிருக்க வேண்டும்.